இன்ஜின் வேலை முடிந்தும் இழுக்காத லாரிகள்: பட்டறை நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாமக்கல், சங்ககிரி, கரூர் வட்டாரங்களில் லாரி இன்ஜின் பட்டறை நடத்தும் உரிமையாளர்களுக்கும், அங்கே இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கும் தலைமை மெக்கானிக்குகளுக்கும் வணக்கம்.

இன்ஜினுக்கு டீசலை அளந்து தள்ளும் பம்பும், அதைச் சிலிண்டருக்குள் சிதறடிக்கும் நாசிலும் பழுதுபார்க்கும் தொழிலில் இருப்பவன் நான். லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாம் மாற்றி, கிராங்க் கிரைண்டிங் செய்து, ஹெட் வேலையும் முடித்து உங்களிடமிருந்து வெளியேறிய லாரிகளில் சில, முதல் லோடு இறக்கிய கையோடு எங்கள் வாசலுக்கு வந்து நிற்கின்றன. இன்ஜின் சத்தம் சீராக இருக்கிறது, ஆயில் பிரஷர் நன்றாக இருக்கிறது, ஆனால் ஏற்றத்தில் புல்லிங் இல்லை என்கிறார் ஓட்டுநர். அதோடு, "பம்பு வீக்காக இருக்கிறதாம், கொஞ்சம் டீசலை ஏற்றிக் கொடுக்கச் சொன்னார்கள்" என்றும் சேர்த்துச் சொல்கிறார். அந்தக் கடைசிச் சொல்லுக்காகத்தான் இந்த மடல். காரணம் தெரியாமல் பம்பின் முத்திரையை (சீல்) உடைத்து, அதிகபட்ச டீசல் அளவைத் தீர்மானிக்கும் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருப்புவதை நாம் எல்லோரும் நிறுத்த வேண்டும். இழுவைக் குறையை அளந்து கண்டுபிடித்து, அந்த அளவுகளை ஒரு தாளில் எழுதி வண்டிக்காரர் கையில் கொடுக்க வேண்டும் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

டீசலைக் கூட்டினால் வண்டி ஓரளவு இழுக்கும் என்பது உண்மைதான். ஆனால் காற்று போதாத இன்ஜினுக்குக் கூடுதல் டீசல் கொடுத்தால், எரியாத பங்கு கரும்புகையாகப் போகிறது. சைலன்சர் பக்கம் போகும் வாயுவின் வெப்பம் ஏறுகிறது. நாசிலிலிருந்து சிதறும் டீசல் புது லைனரின் ஆயில் படலத்தைக் கழுவிவிடுகிறது. மூன்று மாதத்தில் பிஸ்டன் தலை உருகியோ, ரிங் சிக்கியோ அதே வண்டி உங்களிடமே திரும்பி வரும். கடன் வாங்கி இன்ஜின் வேலை பார்த்த ஒருவருக்கு அது என்ன செய்யும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

"ஓட ஓடச் சரியாகிவிடும்" என்ற பதிலையும் இங்கே பேசியாக வேண்டும். புது ரிங்கும் லைனரும் ஒன்றோடொன்று படிய நாளாகும். அதுவரை உராய்வு சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆயிலும் கொஞ்சம் குறையும். இந்த அளவுக்கு அந்தப் பதில் சரியே. ஆனால் முன்பு மூன்றாம் கியரில் ஏறிய மேட்டில் இப்போது முதல் கியர் போட வேண்டியிருக்கிறது என்றால், அது படியாத ரிங்கின் வேலை அல்ல. வேறு எங்கோ ஒரு தவறு இருக்கிறது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். புது இன்ஜினைப் பட்டறையில் மணிக்கணக்கில் வெறும் ஐடிலிங்கில் ஓட விடுவது ரிங்கைப் படிய வைக்காது. எரிப்பின் அழுத்தம்தான் ரிங்கை லைனரோடு சேர்த்து அழுத்துகிறது. லோடு இல்லாமல் நெடுநேரம் ஓடினால் லைனரின் உட்சுவரில் ஆயிலைப் பிடித்து வைக்கும் ஹோனிங் கோடுகள் கண்ணாடி போல் வழவழப்பாகி, பிறகு எப்போதுமே ஆயில் குடிக்கும் இன்ஜினாகிவிடும். நடுத்தர லோடோடு, இன்ஜினை மிகையாகச் சுழற்றாமல், வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டச் சொல்வதே நல்லது.

சரி, குறை உண்மையில் இன்ஜினில்தானா? இன்ஜின் இறக்கிய வண்டியில் கிளட்சும் கழன்று மாட்டப்பட்டிருக்கும். உயர் கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது சுழற்சி மட்டும் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் நழுவுகிறது. சிறிது தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரம் சக்கரமாகப் பிரேக் டிரம்மின் சூட்டை ஒப்பிட்டால் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் தெரிந்துவிடும். லோடு எவ்வளவு என்பதையும் கேளுங்கள். 2018 ஜூலையில் அச்சு எடை வரம்பை மத்திய அரசு உயர்த்தியபோது மூன்று அச்சு லாரியின் மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாயிற்று. பழைய எடையில் பழகிய கை, புது எடையில் அதே வேகத்தை எதிர்பார்க்கும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 28.5 டன் வண்டி, நூறு மீட்டருக்கு நான்கு மீட்டர் உயரும் மேட்டில், மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்க மட்டும் சுமார் 62 கிலோவாட் வேண்டும். டயரின் உருளல் தடையையும் சேர்த்தால் 75 கிலோவாட்டை, அதாவது ஏறத்தாழ 100 குதிரைத்திறனைத் தொடும். அதே மேட்டில், அதே எடையோடு 15 கிலோமீட்டரில்தான் ஏறுகிறது என்றால் சக்கரத்துக்கு வருவது 56 கிலோவாட் மட்டுமே. டைனமோமீட்டர் இல்லாத நமக்கு எடைமேடைச் சீட்டும் தெரிந்த ஒரு மேடுமே போதும். சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாய் ஏறும் வண்டியின் கியரையும் வேகத்தையும், இன்ஜினைப் பிரிக்கும் முன் ஒரு முறையும், கோர்த்த பின் ஒரு முறையும் குறித்து வைத்தால், "முன்னைவிட மோசம்", "இல்லை, நன்றாகத்தான் இருக்கிறது" என்ற வாக்குவாதத்துக்கே இடமிருக்காது.

இன்ஜினில்தான் குறை என்று உறுதியான பிறகு, ஸ்பேனர் எடுக்கும் முன் புகையைப் பாருங்கள். பழைய இன்லைன் பம்பு (சிலிண்டருக்கு ஒன்றாக, டீசல் தள்ளும் எலிமென்ட்கள் வரிசையாக உள்ள பம்பு) வண்டிகளில் இதைவிட நேர்மையான சாட்சி வேறில்லை. முழு லோடில் புகையே இல்லாமல் இழுவை குறைந்தால் டீசல் வந்து சேரவில்லை. கரும்புகையோடு குறைந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் சரியாகச் சிதறவில்லை, அல்லது காலம் தாழ்ந்து விழுகிறது. வெண்புகை வந்தால் டைமிங்கையும் கம்ப்ரஷனையும் சந்தேகிக்க வேண்டும். வெளியேறும் வாயுவால் சுழன்று காற்றை இன்ஜினுக்குள் அழுத்தும் டர்போவின் பூஸ்ட் பிரஷரையும் இதோடு சேர்த்தே படிக்க வேண்டும். டீசல் குறைந்தால் வெளியேறும் வாயுவின் ஆற்றல் குறையும், அதனால் பூஸ்டும் தானாகக் குறையும். பூஸ்ட் குறைவு என்ற ஒன்றை மட்டும் வைத்து நல்ல டர்போவைக் கழற்றி எறிந்து, புது டர்போவுக்குப் பணம் கட்டிய வண்டிக்காரர்கள் உண்டு. பூஸ்ட் குறைவாக இருந்து கரும்புகையும் வந்தால் மட்டுமே டர்போவையும் ஹோஸ்களையும், அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் பார்ப்பது பொருத்தம்.

புகையில்லாத குறையில்தான் இன்ஜின் வேலைக்குப் பிந்தைய தவறுகள் அதிகம் ஒளிந்திருக்கின்றன. அண்மையில் வந்த ஒரு லாரியில், பம்பைக் கழற்றிப் பரிசோதனை மேடையில் வைத்துப் பார்த்தபோது ஆறு எலிமென்ட்டிலும் டீசல் அளவு சரியாக இருந்தது. திரும்ப வண்டியில் மாட்டினால் அதே குறை. டீசல் திரும்பும் குழாயைப் பம்போடு இணைக்கும் இடத்தில் ஓவர்ஃப்ளோ வால்வு ஒன்று இருக்கும். உள்ளே ஸ்பிரிங் வைத்து, பம்பின் கேலரியில் (உள்ளே டீசல் நிறைந்து நிற்கும் அறையில்) தேவையான அழுத்தத்தை அது பிடித்து வைக்கும். வெளிப்பார்வைக்கு அது வெறும் பாஞ்சோ போல்ட் (டீசல் போக உள்ளே துளையுள்ள போல்ட்) போலத்தான் தெரியும். கழற்றிய போல்ட்டுகளை எல்லாம் ஒரே தட்டில் போட்டுக் கழுவி மாட்டும்போது அந்த வால்வு இருக்க வேண்டிய இடத்துக்குச் சாதாரண போல்ட் போய்விட்டது. கேலரியில் அழுத்தம் நிற்காமல் டீசல் டேங்குக்கே திரும்பிக்கொண்டிருந்தது. எங்கள் மேடையில் எங்கள் வால்வை மாட்டிப் பார்த்ததால் அங்கே குறை தெரியவில்லை. அந்த வண்டியின் ஃபுல் லோடு ஸ்க்ரூவைத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதேபோல, இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து பம்பின் டயஃப்ரமுக்குப் போகும் ஒல்லியான பூஸ்ட் பைப். அது மாட்டப்படாமலோ விரிசலோடோ இருந்தால், டர்போ காற்று தருவது பம்புக்குத் தெரியாது; அது குறைந்த அளவு டீசலோடு நின்றுவிடும். ஆக்ஸிலரேட்டர் லிங்க் முழுத் தூரம் போகிறதா என்பதை, கேபினில் ஒருவர் மிதிக்க, கீழே ஒருவர் பம்பின் லிவர் ஸ்டாப்பைத் தொடுகிறதா என்று பார்த்தால் போதும். இன்ஜின் மவுண்டிங் புதிதாக மாட்டிய வண்டிகளில் லிங்க்கின் நீளம் மாறிப்போவது வழக்கம். டேங்கிலிருந்து வரும் ஹோஸ் உள்ளே தோல் உரிந்து மடங்கியிருக்கலாம், டேங்க் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கலாம். மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பார்ப்பதற்குச் செலவே இல்லை.

கரும்புகை வண்டிகளில் என் கண் முதலில் போவது நாசிலின் அடியிலுள்ள செம்பு வாஷருக்கு. பழைய வாஷர் ஹெட்டின் குழிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கவனிக்காமல் புது வாஷரோடு நாசிலை இறக்கினால் இரண்டு வாஷர் கனத்துக்கு நாசில் மேலே உட்கார்ந்துவிடும். டீசல் பிஸ்டன் கிண்ணத்தில் விழ வேண்டிய இடத்தில் விழாமல் விளிம்பில் அடிக்கும். நாங்கள் நாசிலை எவ்வளவு துல்லியமாக அமைத்துக் கொடுத்தாலும் அந்த ஒரு வாஷர் அதைப் பாழாக்கிவிடும். ஹெட்டில் சீட் ஆழமாக வெட்டி வால்வு உள்ளே இறங்கியிருந்தாலும், தவறான கனத்தில் ஹெட் கேஸ்கட் போட்டிருந்தாலும் கம்ப்ரஷன் குறையும். பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எழுகிறது என்பதை டயல் கேஜ் வைத்து ஆறு சிலிண்டரிலும் அளந்து, அதற்கேற்ற கேஸ்கட்டைத் தேர்ந்தெடுப்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

பம்பு கியரைப் பொருத்துவதற்கான டைமிங் மார்க்கைப் பலரும் சரியாகத்தான் வைக்கிறார்கள். ஒரு பல் தவறினால் இன்ஜினே அதைச் சொல்லிவிடும். பம்பு கியரில் 60 பல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பல் என்பது பம்பில் 6 பாகை, இரு மடங்கு சுழலும் கிராங்கில் 12 பாகை. அவ்வளவு தவறோடு வண்டி பட்டறை வாசலைத் தாண்டுவது கடினம். தொல்லை தருவது இரண்டு மூன்று பாகைத் தவறு. கியரை நழுவாமல் பிடிக்கும் கீ (ஆப்புத் துண்டு) இல்லாமல் கூம்பு முனையில் கியர் பொருந்தும் பம்புகளில், அந்த முனையில் ஆயில் பிசுபிசுப்பு இருந்தால் நட்டை இறுக்கும்போதே கியர் நழுவும். மார்க் சரியாகத் தெரியும், டீசல் விழும் நேரம் மட்டும் தாழ்ந்திருக்கும். மாட்டி முடித்த பிறகு ஸ்பில் டைமிங் (பம்பு டீசல் தள்ளத் தொடங்கும் நேரம்) ஒரு முறை பார்த்துவிட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இன்ஜினைப் புதிதாக்கிவிட்டு அதைச் சுற்றியுள்ளவற்றைப் பழையபடியே மாட்டுவது இன்னொரு பெருங்காரணம். டர்போ உடைந்து இன்ஜின் வேலைக்கு வந்த வண்டியின் இன்டர்கூலருக்குள் ஆயிலும் உலோகத் துணுக்கும் இருக்கும். ஆண்டுக்கணக்கில் ஆயில் எரித்த இன்ஜினின் சைலன்சருக்குள் கரி அடைந்திருக்கும். டாடா லாரிகளில் நாம் நன்கறிந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் 6பிடி இன்ஜினுக்கு, காற்று உள்ளே வரும் வழியில் தடை 635 மில்லிமீட்டர் நீர் அளவையும், புகை வெளியேறும் வழியில் எதிரழுத்தம் 76 மில்லிமீட்டர் பாதரச அளவையும் தாண்டக் கூடாது. முன்னதை அளக்க, தண்ணீர் ஊற்றிய ஒரு தெளிவான டியூப் போதும். அந்த இன்ஜினின் டாப்பெட் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடைவெளி), குளிர்ந்த நிலையில், இன்டேக்கில் 0.25, எக்ஸாஸ்டில் 0.50 மில்லிமீட்டர். இரண்டையும் மாற்றி வைத்த ஹெட்டும் வந்திருக்கிறது.

2017 ஏப்ரலில் நாடெங்கும் வந்த பி.எஸ். 4 (புகை மாசுக்கான அரசு வரம்பு) வண்டிகள் பலவற்றிலும், 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 வண்டிகளிலும் திருப்ப ஸ்க்ரூவே இல்லை. ஆனால் அதே அவசரம் வேறு வடிவில் தொடர்கிறது. எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் பெறும் பல காமன் ரெயில் இன்ஜெக்டர்களின் தலையில் அதற்கே உரிய குறியீடு பொறித்திருக்கும். எந்தச் சிலிண்டரில் எது இருக்கிறது என்பதை இன்ஜினின் கணினியான கண்ட்ரோல் யூனிட்டில் பதிய வேண்டும். கழற்றும்போது எண் இடாமல் கலந்து மாட்டினால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டீசல் அளவு தவறும். முன்பு ஆயில் எரித்த வண்டியின் டிபிஎஃப் (புகையிலுள்ள கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி) அடைபட்டே இருந்தால், புது இன்ஜினும் மூச்சுத் திணறும். கண்ட்ரோல் யூனிட் திறனைத் தானே குறைத்துவிடும். ஸ்கேனரை மாட்டி, பதிவாகியிருக்கும் பிழைகளை அழிக்கும் முன் எழுதிக்கொள்ளுங்கள். அழித்த பிறகு வண்டியை எங்களிடம் அனுப்பினால் பாதித் தடயம் போய்விடுகிறது.

இவ்வளவையும் நீங்கள் அறியாதவர்கள் அல்லர். இந்த வட்டாரத்து மெக்கானிக்குகளின் கைத்திறனை நம்பித்தான் வெளி மாநிலப் பதிவெண் கொண்ட வண்டிகளும் இங்கே வந்து இன்ஜின் இறக்குகின்றன. குறைவது நேரம்தான், சீசன் நேரத்தில் வண்டியை எப்போது விடுவீர்கள் என்று உரிமையாளர் நாளுக்கு நான்கு முறை கேட்கிறார். ஆனாலும், பிஸ்டன் எழும்பும் அளவு, டாப்பெட் கிளியரன்ஸ், ஸ்பில் டைமிங், லோடோடு எடுத்த பூஸ்ட் பிரஷர், காற்றுத் தடை, மேட்டில் ஏறிய கியரும் வேகமும் ஆகியவற்றை ஒரு தாளில் எழுத, வேலையின் இறுதியில் அரை நாள் போதும். அந்த அரை நாளுக்கான கூலியைப் பில்லில் வெளிப்படையாகவே சேருங்கள். மறுமுறை இன்ஜின் இறக்கும் செலவை அறிந்த எந்த வண்டிக்காரரும் அதை மறுக்க மாட்டார். உடன் வேலை கற்கும் பையன்களைக் கொண்டே அந்த அளவுகளை எடுக்கச் செய்தால், அவர்களுக்கும் எது எதனால் என்று புரியும்.

ஓட்டுநர்களுக்காகவும் ஒரு வார்த்தை. இழுக்காத வண்டியோடு கணவாய் ஏறுபவர், பின்னால் வரும் வரிசையின் ஹாரனையும், தாமதத்துக்காக உரிமையாளரின் ஏச்சையும், டீசல் கணக்கில் விழும் துண்டையும் தானே சுமக்கிறார். "ஓட்டத் தெரியவில்லை" என்று அவரைத் திருப்பி அனுப்பும் முன், ஒரு பிரஷர் கேஜோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேடு ஏறிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்துக் கடமையையும் எழுத்தில் தருகிறேன். பம்பை மேடையில் ஏற்றிய ஒவ்வொரு முறையும், எந்தச் சுழற்சியில் எந்த எலிமென்ட் எவ்வளவு டீசல் தந்தது, நாசில் எந்த அழுத்தத்தில் திறந்தது என்பதை எழுதி, பம்போடு கட்டிக் கொடுப்போம். கம்பெனி குறித்த அளவைத் தாண்டி ஸ்க்ரூவைத் திருப்பச் சொல்லி வண்டி வந்தால், உங்கள் அளவுத் தாள் இல்லாமல் சீலை உடைக்க மாட்டோம். வண்டிக்காரர் முன்னிலையில் உங்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவோம். அந்த அழைப்பைக் குறை சொல்வதாகக் கருத வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மதிப்புடன்,
டீசல் பம்புப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்