ஹோல்கம் மாளிகையின் மார்கரெட் சீமாட்டிக்கு

மதிப்பிற்குரிய மார்கரெட் அம்மையாருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில், நார்ஃபோக்கின் வடகரையில், கடற்காற்று ஓயாத அந்த வெட்டவெளியில் உங்கள் கணவர் லெஸ்டர் பிரபு தாமஸ் கட்டத் தொடங்கிய வீட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லோரும் அவரிடமும், கட்டடக்கலை ஆர்வலர் பர்லிங்டன் பிரபுவிடமும், கட்டடக் கலைஞர் வில்லியம் கென்ட்டிடமும் நின்றுவிடுகிறார்கள். நான் உங்களிடம் பேச விரும்புகிறேன்.

1718-ல், பதினெட்டு வயதில், நீங்கள் அவரை மணந்தீர்கள். ஆறு வருடம் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு, இத்தாலிமேல் தீராத ஆசையோடு அவர் திரும்பியிருந்த நேரம் அது. கென்ட்டோடு அவருக்குப் பழக்கம் ஏற்பட்டதும் அங்கேதான். ஆனால் 1720-ல் தென்கடல் கம்பெனிப் பங்குகள் சரிந்தபோது அவர் பணமும் பெருமளவு போயிற்று. அஸ்திவாரம் போட 1734 ஆகிவிட்டது.

முதலில் எழுந்தது நீங்கள் குடியிருப்பதற்கான பகுதி. நடுவில் பெரிய கட்டடம், நான்கு மூலைகளிலும் நான்கு சிறு கட்டடங்கள். ஒன்று குடும்பத்துக்கு, ஒன்று விருந்தாளிகளுக்கு, ஒன்று தேவாலயத்துக்கு, ஒன்று சமையலுக்கு. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோ வரைந்து, கட்டப்படாமலே போன மொசெனிகோ மாளிகையின் அமைப்புதான் இதற்கு மூலம். இத்தாலியில் காகிதத்தோடு நின்றுபோனது இங்கிலாந்தின் குளிரில் எழுந்து நின்றது. ஆனால் இது எழும்பிய வருடங்களில் உங்கள் நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்பதுதான் எனக்கு முக்கியம். ஒரு மூலையில் குடித்தனம். பக்கத்திலேயே இருபது வருடத்துக்கு மேல் சாரம், சுண்ணாம்பு, கொத்தனார் சத்தம்.

வெளிப்பக்கம் வெறுமையாக இருக்கிறது என்று குறை சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். கட்டடத்துக்கு ஆகும் நல்ல கல் அந்த வட்டாரத்தில் கிடையாது. கிடைப்பது சிக்கிமுக்கிக் கல்தான். அதனால் மஞ்சள் ஓடிய செங்கல்லிலேயே வீடு முழுவதும் எழுந்தது. பெரும்பாலான ஜன்னல்களைச் சுற்றிச் சித்திர வேலை எதுவும் இல்லை. சுவரும் திறப்பும் அளவும் மட்டுமே. பல்லாடியோவின் பாடத்தில் அளவு ஒன்றே போதும் என்பதற்கு இதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரியாது.

வாசலைத் தாண்டினால் அந்தச் சிக்கனம் முடிந்துவிடுகிறது. சுமார் 50 அடி உயர முன்கூடம். பளிங்குக் கூடம் என்று பெயர். கண்ணில் படுவதில் பெரும்பகுதி டெர்பிஷைர் அலபாஸ்டர் கல். கிட்டப் போய்ப் பார்த்தால் வெளிர் ரோஜா நிறத்துக்குள் செம்பழுப்புக் கோடுகள் நரம்புபோல் ஓடுகின்றன. வரிவரியாகக் குடைந்த தூண்கள் தரையிலிருந்து எழவில்லை. ஓர் ஆள் உயரத்துக்கும் மேலான மேடைமேல் நிற்கின்றன. நடுவில் ஏறும் படிகள் நேரே மாடியிலுள்ள வரவேற்பு அறைகளுக்குக் கொண்டுபோகின்றன. கீழே நிற்பவர் தன் சிறுமையை உணர்ந்து, ஏற ஏற அந்தத் தூண்களுக்குச் சமமாவார்.

வடக்குச் சாப்பாட்டு அறை நீளம், அகலம், உயரம் எல்லாம் 27 அடி. அதன் அரைவட்ட மாடத்தில் ஒரு கதவு ஒளிந்திருக்கிறது. அதன் பின்னால் குறுகலான நடைகள், படிகள். தொலைவிலுள்ள சமையலறையிலிருந்து தட்டேந்தி வருபவர்களின் வழி. மேசையில் இருப்பவர்கள் அந்த நடையைப் பார்க்கக் கூடாது என்பதும் இந்த வடிவமைப்பில் சேர்ந்ததுதான். இந்த வீட்டில் எனக்கு மனம் ஒப்பாத இடம் அது ஒன்று.

1748-ல் கென்ட் போனார். 1753-ல் உங்கள் ஒரே மகன் எட்வர்ட், வாரிசு இல்லாமல். 1759-ல் கணவர். வீடோ முடியவில்லை. எந்தப் பிள்ளைக்காக என்று கேட்டு, வேலையை நிறுத்தியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் நிறுத்தவில்லை. கொத்து வேலையும் உள்வேலையும் சாமான்களும் உங்கள் பார்வையில் நடந்தன. 1764-ல் மாளிகை முடிந்தது. 1775-ல் நீங்கள் போனபின் அது கணவரின் சகோதரி மகனுக்குப் போயிற்று.

முன்கூடத்தில், வாசலுக்கு மேலே, ஒரு கல்வெட்டு இருக்கிறது. வெட்டவெளியாகக் கிடந்த தரிசு நிலத்தில் இந்த இல்லத்தைத் திட்டமிட்டு, மரம் நட்டு, கட்டி, அலங்கரித்து, குடியிருந்தவர் லெஸ்டர் பிரபு தாமஸ் என்கிறது. அதில் உங்கள் பெயர் இல்லை. அதன் கீழே இன்னொரு வரி வெட்டும் உரிமை எனக்கு இருந்தால் இப்படி எழுதுவேன்: அவர் இறந்தபின் 1759 முதல் 1764 வரை இதைக் கட்டி முடித்தவர் அவர் மனைவி மார்கரெட்.

மிகுந்த மரியாதையுடன்,
உங்கள் வீட்டைப் பார்த்துவிட்டு வந்த ஒருத்தி