கப்பல் பார்ப்போர் சங்கம், ஹார்விச்: செயலாளரின் ஆண்டறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். அதனால் இந்த அறிக்கையில் பெரும்பகுதியை மே மாத ஹாலந்துப் பயணத்துக்கே கொடுக்கிறேன். எதிர்க்கரையில் ஃபெலிக்ஸ்டோ கண்டெய்னர் துறைமுகமே இருக்கும்போது கப்பல் பார்க்கக் கடல் தாண்ட வேண்டுமா என்று போன பொதுக்குழுவில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. போய்வந்த பதினோரு பேரின் பதில்: கட்டாயம் வேண்டும்.

இரவு ஃபெர்ரியில் கிளம்பினோம். ஸ்டெனா ஹாலண்டிகா, 240 மீட்டர் நீளம். கரையிலிருந்து நாம் எத்தனையோ முறை படம் எடுத்த கப்பல்தான். அதன் மேல்தளத்தில் நின்று நம் ஊர் விளக்குகள் பின்னால் போவதைப் பார்த்தபோது யாருக்கும் தூங்கப் போக மனமில்லை. காலையில் வலப்பக்கம் ராட்டர்டாம் துறைமுகத்தின் கடலோரப் பகுதியான மாஸ்வ்லாக்டேயின் கிரேன்கள் வரிசையாகத் தெரிந்தன. அத்தனையும் கடலைத் தூர்த்து உண்டாக்கிய நிலம்.

ஹூக் ஆஃப் ஹாலந்தில் இறங்கினால் வாசலிலேயே மெட்ரோ. ஒன்று சொல்லிவிட வேண்டும்: மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல்கள் மாஸ்வ்லாக்டேயிலேயே நின்றுவிடும், ஹூக்கைத் தாண்டி உள்ளே வருவதில்லை. ராட்டர்டாம் நகருக்குப் போகும் நியூவே வாட்டர்வெக் கால்வாயில் வருபவை பெரும்பாலும் டேங்கர்களும் சிறிய சரக்குக் கப்பல்களும்தான். மாஸ்லாண்ட் வெள்ளத் தடுப்பையும் பார்த்தோம். ஒவ்வொரு கதவும் 210 மீட்டர். புயலுக்காக அதை முதன்முதலில் மூடியது 2007இல். மாஸ்லாயிஸில் இழுவைக் கப்பல் அருங்காட்சியகமும், பழைய நீராவி இழுவைக் கப்பல் ஃபியூரியும் இருக்கின்றன. அங்கே அரை நாள் போதவில்லை.

ராட்டர்டாமிலிருந்து வாட்டர்பஸ்ஸில் டோர்ட்ரெக்ட் போனோம். மூன்று ஆறுகள் சேரும் முனையில் பெஞ்சுகள் போட்டிருக்கிறார்கள். ரைன் நதிக்குப் போகும் பார்ஜ்கள், அதாவது ஆற்றில் ஓடும் நீண்ட சரக்குப் படகுகள், நிற்காமல் வந்துகொண்டே இருக்கின்றன. பின்தளத்தில் குடும்பத்தின் கார், ஜன்னலில் திரைச்சீலை, பூந்தொட்டி. ஒன்றில் குழந்தை விளையாடக் கம்பித் தடுப்புகூட இருந்தது. ஃபெலிக்ஸ்டோவில் இதைப் பார்க்க முடியாது. பெட்டிகளையே பார்த்துப் பழகிய எனக்கு, கப்பல் ஒரு வீடாகவும் இருக்கிறது என்பது அங்கேதான் உறைத்தது.

அப்புறம் ஷெல்ட் ஆற்று முகத்துவாரத்தில் உள்ள விளிசிங்கன். பயணத்தின் உச்சம் இதுதான். பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்துக்குப் போகும் கப்பல்கள் கடற்கரை நடைபாதையை ஒட்டியே போகின்றன. கப்பலுக்கு வழிகாட்டும் கடல் பைலட் இறங்கி ஆற்றுப் பைலட் ஏறுவதும் அங்கேதான். சின்னப் படகு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு ஓட, ஓர் ஆள் ஏணியில் ஏறுவதைத் தொலைநோக்கி இல்லாமலே பார்த்தோம். ஆழமாக மிதக்கும் பெரிய கப்பல்கள் கடல்நீர் உயரும் ஓத ஏற்றத்தோடு வருவதால் சில மணி நேரத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 400 மீட்டர் கப்பல் ஒன்று கடந்தபோது எதிர்க்கரை முழுவதும் மறைந்துபோனது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் கேமராவைக் கீழே வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்த ஊரில் ஒரு சங்கடமும் நேர்ந்தது. விடுதியில் நாங்கள் பதிவு செய்த அறைகளில் பாதியை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். வயதானவர்கள் இரவு ஒன்பது மணிவரை வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தார்கள். எழுத்தில் உறுதி வாங்காதது என் தவறு, அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த பயணத்துக்குச் செயற்குழு முன்வைக்கும் திட்டம்: விளிசிங்கனில் ஒரு நாளுக்குப் பதில் மூன்று நாள். கூடவே ஆம்ஸ்டர்டாமுக்குக் கடல்வாசலான ஐமாயிடன். 2022இல் திறந்த அங்குள்ள கடல் மதகு (கப்பலை உள்ளே விட்டு நீர்மட்டத்தை மாற்றும் அமைப்பு) 500 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம், இந்த வகையில் உலகிலேயே பெரியது. அதற்கு இடம் விட ராட்டர்டாம் நகரச் சுற்றைக் குறைக்கலாம் என்பது என் கருத்து. தேதியை ஓத அட்டவணை பார்த்துத்தான் வைக்க வேண்டும். ஏற்றம் இருட்டில் வந்தால் அப்போது போகும் பெரிய கப்பல்களைப் பார்க்க முடியாது. வர விரும்புபவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள். இந்த முறை அறைகளுக்கு உறுதிக் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்டுவேன்.

செயலாளர்