குவியல் ஈரப்பத சென்சார்: சோதனையில் இறங்குபவர்களுக்கு

நண்பர்களே, சிலியின் அட்டகாமா செம்புச் சுரங்கங்களில், அமிலக் கரைசலைச் சொட்டவிட்டுச் செம்பைக் கரைத்தெடுக்கும் தாதுக் குவியல்களில் வயர்லெஸ் ஈரப்பத சென்சார் வைக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு.

தோட்ட மண்ணுக்காகக் கம்பெனி கொடுக்கும் அளவுத்திருத்தத்தை (ரீடிங்கை ஈர அளவாக மாற்றும் கணக்கை) அப்படியே நம்ப வேண்டாம். இங்கே குவியலில் இறங்குவது நீர்த்த கந்தக அமிலம். கரைந்த உப்புகளும் சேர்ந்து அதில் மின்சாரம் நன்றாகவே பாயும். அதனால் சென்சார் பெரும்பாலும் ஈரத்தைக் கூட்டிக் காட்டும். உங்கள் தாதுவையே வாளியில் நிரப்பி, உங்கள் கரைசலையே அளந்து ஊற்றுங்கள். பிறகு மாதிரியை ஓவனில் உலர்த்தி, எடை பார்த்து, ரீடிங்கோடு ஒப்பிடுங்கள். சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்காதீர்கள்.

ரேடியோவைப் புதைக்காதீர்கள்; ஈரத் தாது சிக்னலை விழுங்கிவிடும். சென்சார் உள்ளே, ஆன்டெனா வெளியே கம்பத்தில். கேபிளைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள், நனைந்ததும் குவியல் அமுங்கும்.

அப்புறம், சொட்டுவானுக்கு (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடும் குழாய்த் துளைக்கு) நேர் கீழே ஒரு சென்சார், இரண்டு சொட்டுவான்களுக்கு நடுவே ஒன்று என வையுங்கள். நடுவில் உள்ளது நாள்கணக்கில் காய்ந்தே கிடந்தால், கரைசல் ஒரே தடத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள்.

புதைத்த இடங்களின் வரைபடம் புல்டோசர் ஓட்டுநர் கையில் கட்டாயம் இருக்கட்டும். வாளி சோதனை அட்டவணைகளை இங்கேயே போடுங்கள். தாது வகையையும் குறிப்பிடுங்கள்.