மாநிறத்துக்குப் பீச் குர்தா எடுப்பாக இருக்காதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பண்டிகை நெருங்கும் நாள்களில் நாளிதழுக்குள் மடித்து வரும் துணிக்கடை விளம்பரத் தாள்களை நான் தூக்கி எறிவதில்லை. மதுரையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆண்களுக்கான தையல் கடை நடத்தி ஓய்வு பெற்றவன் என்பதால், இந்த ஆண்டு எந்தக் கழுத்து, எந்த நீளம், எந்த நிறம் ஓடுகிறது என்று பார்க்கும் பழக்கம் இன்னும் என்னை விடவில்லை. சில ஆண்டுகளாக அத்தாள்களில் ஆண்களுக்கான பீச் நிறக் குர்தா தவறாமல் இடம்பெறுகிறது. அதை அணிந்து நிற்கும் இளைஞரும் தவறாமல் வெளுத்த மேனியராகவே இருக்கிறார். மெரூனையும் கரும்பச்சையையும் மாநிறத்தாருக்கு ஒதுக்கிவிட்டு, பீச் போன்ற மென்னிறங்களைச் சிவந்த மேனியருக்கு மட்டும் உரியவையாக்கும் இந்த வழக்கம் கடைக்காரர், வாங்குபவர் இருவர் மனத்திலும் ஊறிவிட்டது. துணியைத் தொட்டுத் தொழில் செய்தவன் என்ற முறையில், இது பிழை என்று பதிவு செய்யவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

என் அண்ணன் மகனின் திருமண வரவேற்புக்குத் துணி எடுக்கச் சென்றிருந்தோம். மணப்பெண் பீச் நிறப் பட்டுச்சேலை எடுத்திருந்ததால், அதற்கு இணையாக மாப்பிள்ளைக்கும் அதே நிறத்தில் குர்தா எடுப்பதென்று இரு வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். கடையில் விற்பனையாளர் அடுக்கிலிருந்து ஒரு பீச் குர்தாவை எடுத்துப் பாதி விரித்தார், பையனின் முகத்தை ஒரு முறை பார்த்தார், விரித்த கையாலேயே மறுபடியும் மடித்து வைத்துவிட்டு, "உங்க கலருக்கு இது எடுப்பா இருக்காது தம்பி, மெரூன்ல காட்டட்டுமா?" என்றார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் நல்ல கறுப்பு. பையன் மறுபேச்சுப் பேசாமல் மெரூனுக்குத் தலையாட்டினான். இந்தச் சொல் அவனுக்குப் புதிதாக இருந்திருந்தால் ஏன் என்றாவது கேட்டிருப்பான். அந்த விற்பனையாளரும் எங்கள் நிறம்தான் என்பதையும் இங்கே சொல்ல வேண்டும்.

நான் அந்தக் குர்தாவைக் கையில் எடுத்துக்கொண்டு, பையனையும் அழைத்துக்கொண்டு கடை வாசலுக்கு வந்தேன். காலை பதினொரு மணி வெயில். கழுத்துப் பட்டியை அவன் தாடைக்குக் கீழே பிடித்துப் பார்த்தபோது, உள்ளே குழல் விளக்கின் கீழ் சாம்பல் பூத்ததுபோல் கிடந்த துணி, கனகாம்பரப் பூவைப் பாலில் நனைத்து எடுத்ததுபோல் நின்றது. அவன் முகமும் தெளிந்து தெரிந்தது. மெரூனையும் அதே இடத்தில் பிடித்துப் பார்த்தேன். முகம் எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று தேட வேண்டியிருந்தது. பீச் குர்தாவையே எடுத்தோம்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. மேனிக்கும் துணிக்கும் இடையே போதிய வேறுபாடு இருந்தால் முகம் எடுப்பாகத் தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று நெருங்கினால் முகம் மங்கும். பீச் என்பது இளஞ்சிவப்பும் மஞ்சளும் வெண்மையும் கலந்த, சிவந்த மேனியின் நிறத்தை ஒட்டிய நிறம். ஆகவே தொல்லை வருமானால் அது சிவந்த மேனியருக்குத்தான் வர வேண்டும். சற்றுத் தள்ளி நின்று எடுக்கும் புகைப்படத்தில் அவர்கள் மேல்சட்டையே அணியாததுபோல் தோன்றுவதும் உண்டு. மாநிறத்தாருக்கும் கறுப்பு நிறத்தாருக்கும் அந்த இடர் இல்லை. அவர்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பீச் என்ற ஒரே பெயரில் கடையில் பல நிறங்கள் விற்கப்படுகின்றன. வெங்காயத் தோலின் சாயலில் இளஞ்சிவப்பு மிகுந்தது ஒன்று. சந்தனத்தை ஒட்டி மஞ்சள் மிகுந்தது ஒன்று. பழுத்த பப்பாளியைப் போல ஆரஞ்சுக்கு நெருங்கியது இன்னொன்று. நல்ல கறுப்பு மேனிக்கு மஞ்சளும் ஆரஞ்சும் சேர்ந்த ஆழமான பீச் நன்றாக எடுக்கும். தூள் பூசியதுபோல் வெளிறிய பீச் அந்த அளவுக்கு எடுக்காது. அந்த ஒரு வெளிறிய சாயலைக் கண்டுவிட்டு நிறத்தையே ஒதுக்குவது நியாயமாகாது.

பீச் என்ற ஆங்கிலப் பெயரால் இது ஏதோ அயல்நாட்டு நிறம் என்று நினைக்கவும் வேண்டாம். கொடைக்கானல் மலையில் விளைந்து, கூறு கட்டி விற்கப்படும் பிச்சீஸ் பழத்தின் நிறம்தான் இது. நிறங்களுக்கு எண் கொடுத்து வகைப்படுத்தும் பான்டோன் நிறுவனம் 2024-ஆம் ஆண்டுக்கான நிறமாக 'பீச் ஃபஸ்' என்ற சாயலை அறிவித்தது உண்மைதான். ஆனால் நம் பெண்களின் பட்டிலும் கூந்தற்பூவிலும் இந்த நிறம் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. ஆண்களின் உடைக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்திருக்கிறது.

ஒளியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பீச் குர்தா வாங்கி ஏமாந்தோம் என்று என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது ஒளியால்தான். கடைகளில் எரியும் வெள்ளை எல்.இ.டி. விளக்குகள் பெரும்பாலும் 6,500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் நீலம் கலந்த வெளிச்சம் தருபவை. திருமண மண்டப மேடைகளில் போடப்படும் மஞ்சள் விளக்குகள் 3,000 கெல்வினை ஒட்டியவை. முதலாவதில் பீச் வெளிறிச் சாம்பல் தட்டும். இரண்டாவதில் அதுவே ஒரு படி ஏறி ஆரஞ்சாகத் தெரியும். எனவே மாலை வரவேற்புக்கு வாங்குபவர் கடைக்குள் தமக்குப் பிடித்த சாயலைவிட ஒரு படி மென்மையானதையும், பகல் நிகழ்ச்சிக்கு வாங்குபவர் வாசல் வெளிச்சத்தில் பார்த்ததை அப்படியேயும் எடுப்பது நல்லது. மேடையின் பின்திரையை அலங்காரக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும் பயன் தரும். பின்திரையும் பூ அலங்காரமும் பீச், மாப்பிள்ளையும் பீச் என்று அமைந்த ஒரு வரவேற்பில், ஒளிப்படத்தில் அவருடைய தலையும் கைகளும் மட்டும் மிதப்பதை நானே கண்டிருக்கிறேன்.

அடுத்தது துணி. மத்தியப் பிரதேசத்தின் சந்தேரித் துணி, பட்டுப் பாவும் (நீள இழை) பருத்தி ஊடையுமாக (குறுக்கிழை) நெய்யப்படுவது. மெல்லியது, இலேசான பளபளப்புள்ளது, பீச் நிறத்துக்கு மிகவும் இசைவானது. அதன் மென்மையே அதன் சங்கடம். உள்ளே போடும் வெள்ளை பனியனின் விளிம்பு, தோளில் வரைந்த கோடுபோல் வெளியே தெரியும். வெள்ளை பனியனுக்குப் பதிலாகத் தம் மேனி நிறத்தை ஒட்டிய பனியனை அணிந்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். இல்லையெனில் தைக்கும்போதே லைனிங் கொடுக்கச் சொல்லலாம். டசர் பட்டு இயல்பிலேயே தேன் கலந்த பழுப்பு நிறமுடையது என்பதால், அதன் மேல் ஏறும் பீச் சற்று அடங்கி, முதிர்ந்த அழகோடு இருக்கும். ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு நான் அதையே பரிந்துரைப்பேன். 'ஆர்ட் சில்க்' என்று சீட்டில் எழுதியிருந்தால் கலைநயமிக்க பட்டு என்று பொருள் கொண்டுவிடக் கூடாது. செயற்கைப் பட்டு என்பதன் சுருக்கமே அது. பட்டின் விலை கொடுப்பவர்கள், மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியால் 2004-இல் வந்த, அசல் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று கேட்டு வாங்குவது அவர்களின் உரிமை. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களுக்குப் பருத்தியோ லினனோ போதும். பாலியெஸ்டரில் காற்றோட்டம் குறைவு. வியர்வை ஈரம் அக்குளிலும் முதுகிலும் படர்ந்தால் பீச் போன்ற இளநிறம் அதைப் பத்தடி தொலைவிலும் காட்டிக்கொடுக்கும்.

குர்தா என்ற பெயர் பரவுவதற்கு முன்பே நம் ஊரில் இதை ஜிப்பா என்று சொல்லித் தைத்துக் கொடுத்தோம். வேட்டியின் மேல் அணிந்து கச்சேரிக்கும் கல்யாணத்துக்கும் போனார்கள். பீச் குர்தாவுக்கு இன்றும் வேட்டியைவிடச் சிறந்த துணை இல்லை என்பதே என் கருத்து. ஆனால் சொட்டு நீலம் போட்டு வெளுத்த பளீர் வேட்டி கூடாது. நீலம் கலந்த அந்த வெண்மைக்குப் பக்கத்தில் பீச், துவைக்காத துணிபோல் தெரியும். சரிகைக் கரை வைத்த அரைவெள்ளை வேட்டியை உடுத்திப் பாருங்கள்; இரண்டும் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும். சுடிதார் கால்சட்டை அணிபவர்களுக்கும் இதே கணக்குத்தான். மேலே போடும் அரைக்கோட்டில் பூ வேலைப்பாடு வேண்டுமென்றால் குர்தா வெறுமையாக இருக்கட்டும்.

குடும்பத்தார் அனைவரும் ஒரே நிறத்தில் உடுத்தும் வழக்கம் இப்போது பெருகியிருக்கிறது. அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சித்தப்பா, மாமா, பொடிப்பயல்கள் எல்லோரும் ஒரு வரிசையில் நிற்பது கண்ணுக்கு நிறைவாகவே இருக்கிறது. ஆனால் சென்னையில் இருப்பவர் அங்கே ஒன்று, கோவையில் இருப்பவர் அங்கே ஒன்று, இன்னொருவர் இணையவழியில் ஒன்று என்று வாங்கினால், குழுப்படத்தில் ஆறு பேருக்கு ஆறு பீச் வரும். கருநீலத்தில் இந்த வேறுபாடு மறைந்துவிடும், பீச்சில் மறையாது. ஒரு முறை போட்ட சாயமும் மறுமுறை போட்ட சாயமும் அணு பிசகாமல் ஒத்துப்போவது அரிது என்பதால், ஒரே தானிலிருந்து, அதாவது ஒரே துணிச் சுருளிலிருந்து, துணியை வெட்டி வாங்கி எல்லோருக்கும் தைப்பதே பாதுகாப்பு. வளர்ந்த ஆணுக்கு, அகலத்தைப் பொறுத்து, இரண்டரை முதல் மூன்று மீட்டர் ஆகும். பருத்தியானால் தைப்பதற்கு முன் ஒரு முறை நனைத்து உலர்த்திவிட வேண்டும். விலையிலும் இதனால் ஓர் ஆதாயம் உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் ரூ.2,500-க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்படுகிறது. தானிலிருந்து வெட்டும் துணிக்கு 5 விழுக்காடுதான். தையற்காரனுக்கும் நாலு காசு கிடைக்கும் என்பதை ஒரு முன்னாள் தையற்காரன் சொல்வது தன்னலமாகத் தோன்றினால் பொறுத்தருள வேண்டும்.

எங்கே அணியக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நலங்குக்கும் வடநாட்டு முறையிலான மஞ்சள் சடங்குக்கும் பீச் வேண்டாம். எங்கள் பையன் ஆர்வக் கோளாறில் அதே குர்தாவை மறு மாதம் ஒரு நண்பரின் மஞ்சள் சடங்குக்கு அணிந்து சென்று, மார்பில் உள்ளங்கை அகலத்துக்குக் கறையோடு திரும்பினான். என் அண்ணி அதை உடனே சோப்புப் போட்டுத் தேய்க்க, மஞ்சள் கறை கண்ணெதிரே செங்கல் நிறமாக மாறியது. சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் சிவக்கும். நிறைய நீர் விட்டு அலசியதும் மீண்டும் மஞ்சளுக்கு வந்தது. மஞ்சள் கறை வெயிலில் வெளுக்கும் என்பது உண்மைதான். ஆனால் பீச் சாயமும் வெயிலில் வெளுக்கும் என்பதால், அரை மணிக்கு ஒரு முறை போய்ப் பார்த்துக்கொண்டே காயவைக்க வேண்டியதாயிற்று. கறை முழுதும் போகவில்லை; இப்போது அரைக்கோட்டுக்குள் மறைந்திருக்கிறது. தீபாவளியன்று பட்டாசு வெடிக்கும்போதும், நிறம் எதுவானாலும், பாலியெஸ்டர் குர்தா கூடாது. ஒரு பொறி பட்டாலும் அது உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். குர்தாவின் தளர்ந்து தொங்கும் கைகள் தீபத்தை உரசும். வெடிக்கும் நேரத்துக்குப் பருத்திச் சட்டையை அணிந்துவிட்டு, பிறகு குர்தாவுக்கு மாறிக்கொள்ளலாம்.

இறுதியாகத் தங்களிடம் ஒரு வேண்டுகோள். விளம்பரத் தாள்களை அச்சிடுபவர்கள் கடைக்காரர்கள். அவற்றில் யாரை நிறுத்துவது என்பது அவர்கள் முடிவு என்று தாங்கள் சொல்லக்கூடும். ஆனால் பண்டிகைச் சிறப்பிதழில் ஆண்களின் உடை பற்றி எழுதும் பக்கம் தங்களுடையது. வருகிற தீபாவளிக்கு அந்தப் பக்கத்தில் பீச் குர்தா இடம்பெறுமானால், நம் தெருவில் நடமாடும் நிறத்தில் ஓர் இளைஞரை அதை அணியச் செய்து, பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வெளியிடுங்கள். கணினியில் முகத்தை வெளுக்க வேண்டாம் என்று வடிவமைப்பாளரிடமும் சொல்லிவையுங்கள். 1935-இல் தொடங்கி நெசவாளர்களின் துணியை விற்றுவரும் கோ-ஆப்டெக்ஸ் நிறுவனமும் கனகாம்பரச் சாயலில் குர்தாவுக்கேற்ற பருத்தித் தான்களை நெய்யச் செய்து விற்பனைக்கு வைத்தால், முதல் மூன்று மீட்டரை நானே வாங்கிக்கொள்கிறேன். எனக்கு வயது அறுபத்தாறு. நிறம், மேலே சொன்னதுபோல், நல்ல கறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகன்,
மதுரை.