38-க்குப் பின்னால் வரும் எண்கள்

அன்பு மகளுக்கு,

டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாகக் காட்டும் திரையில்) எழுத்தின் நிறத்தையும் வடிவத்தையும் சொல்லும் எண்களைப் படிக்கிற பழைய கோடில் (நிரலில்) நீ செய்து அனுப்பிய மாற்றங்களை அச்செடுத்து, சிங்கப்பூர் தேக்காவுக்குப் போகும் எம்ஆர்டி ரயிலில் உட்கார்ந்து படித்தேன். 38;5;1 போல அரைப்புள்ளி போட்டு வரிசையாக வந்து, எம் என்ற எழுத்தில் முடியும் எண்கள் அவை. திரையில் படித்தால் எனக்கு மண்டையில் ஏறாது என்பது உனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மெல்பர்னிலிருந்து பிள்ளை அனுப்புவதெல்லாம் வெறும் எண்களா?" என்றாள். நிறங்கள் என்று சொன்னேன். நம்பவில்லை.

பழைய கோடு மோசம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஒரே ஃபங்ஷன், ஸ்விட்சுக்குள் ஸ்விட்ச், கண்ட இடத்திலெல்லாம் இன்டெக்ஸைக் கூட்டும் வரிகள். நீ செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது எண்களுக்குப் பெயர் வைத்ததும், பெயருக்குப் பக்கத்திலேயே எண்ணையும் விட்டுவைத்ததும். தேக்காவில் இறங்கும் லிட்டில் இந்தியா நிலையப் பலகையில் பெயரும் இருக்கும், என்இ7, டிடி12 என்ற குறியீடுகளும் இருக்கும். பெயர் தெரிந்தவனும் இறங்குவான், எண்ணை மட்டும் எழுதி எடுத்து வந்தவனும் இறங்குவான். இந்த எண்களை வரையறுக்கும் எக்மா-48 தரநிலையை ஒரு பக்கம் திறந்து வைத்துக்கொண்டு உன் நிரலைப் படிப்பவருக்கு இரண்டும் வேண்டும்.

சரி, இனி குறைகள்.

எழுத்தின் நிறத்தை மாற்றும் 38-ஐத் தனி ஃபங்ஷனாக எடுத்தாய், நல்லது. ஆனால் அது நிறத்தை மட்டும் திருப்பித் தருகிறது. எத்தனை எண்களை விழுங்கியது என்பதை வெளியே இருக்கும் லூப் மறுபடியும் கணக்குப் போடுகிறது. அங்கேதான் ஆபத்து. 38;5;1 வந்தால் 256 நிறப் பட்டியலில் 1 என்ற நிறம் என்று பொருள், மூன்றும் சேர்ந்து ஒரே சிவப்பு. கணக்கு ஒன்று தவறினாலும் 5 என்பது கண்சிமிட்டும் எழுத்து, 1 என்பது தடித்த எழுத்து என்று தனித்தனியே வேலை செய்யத் தொடங்கிவிடும். சிவப்பு, பச்சை, நீல அளவுகளைப் பின்னால் கொண்டு 38;2 என்று வரும் முழு நிறத்திலும் இதே கதை, அங்கே 2 மங்கல் எழுத்தாகிவிடும். 256 நிறம் புரியாத பழைய டெர்மினல்களில் எழுத்து திடீரென்று சிமிட்டியதற்கு இதுதான் காரணம். நிறத்தையும் விழுங்கிய எண்ணிக்கையையும் அந்த ஒரே ஃபங்ஷன் சேர்த்துத் தரட்டும். லூப்புக்கு 5, 2 பற்றியெல்லாம் எதுவும் தெரிய வேண்டாம்.

அடுத்தது, அழகாக இருக்கிறதே என்று நீ பெருமைப்பட்டிருக்கக்கூடிய ஒரு வரி. அரைப்புள்ளியில் பிரித்து, காலியானவற்றை வடிகட்டி, எண்ணாக மாற்று. ஒரே வரி, படிக்கச் சுகம், ஆனால் தப்பு. இங்கே காலி இடம் என்றால் 0. எண்ணே இல்லாமல் வெறும் எம் வந்தால் அதுவும் 0தான், எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவா என்று பொருள். ;31 என்று வந்தால் முதலில் எல்லாவற்றையும் அழி, பிறகு சிவப்பாக்கு. நீ காலியை வடிகட்டிவிட்டதால் சிவப்பு மட்டும் வரும், முன்பு போட்ட அடிக்கோடு அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். பழைய கோடு இதைச் சரியாகத்தான் செய்தது, அசிங்கமாகச் செய்தது. அவ்வளவுதான்.

இந்த வேலையில் அசிங்கம் இரண்டு வகை, பாப்பா. எழுதியவர்கள் அவசரத்தில் விட்டுப்போனது ஒன்று, டெர்மினல் உலகம் பல வருடங்களாகச் சுமந்து வரும் கோணல் இன்னொன்று. முதலாவதைத் தூக்கிப் போடு. இரண்டாவதைத் தூக்கினால் யாரோ ஒருவருடைய திரை கெடும். அதை மறைக்காமல், படிப்பவர் கண்ணில் படும்படி, ஒரு கமெண்ட்டோடு வை.

எண்களைப் பிரிக்க அரைப்புள்ளிக்குப் பதில் வரும் முக்காற்புள்ளி (:) அந்த இரண்டாவது வகை. 1991-இல் வந்த எக்மா-48 ஐந்தாம் பதிப்பு 38-ஐ ஒதுக்கி வைத்துவிட்டு, விவரத்துக்கு ஐஎஸ்ஓ 8613-6-ஐப் பார் என்று கைகாட்டியது. அதன்படி எழுதினால் 38:2::255:135:0. நடுவில் காலியாக இருப்பது எந்த நிற வெளி (நிறங்களை அளக்கும் முறை) என்று சொல்வதற்கான இடம். நடைமுறையில் பரவியதோ அரைப்புள்ளி. அந்தக் காலியிடத்தை விட்டுவிட்டு முக்காற்புள்ளி போடும் நிரல்களும் உண்டு. ஆக மூன்று வடிவம், ஒரே ஆரஞ்சு. நீ செய்திருப்பது போல முக்காற்புள்ளியை எல்லாம் முதலிலேயே அரைப்புள்ளியாக மாற்றிவிட்டு ஒரே பாதையில் ஓட்டுவது ஆசையாகத்தான் இருக்கும். 4:3 வரும்போது என்ன செய்வாய்? அது அலைபோன்ற அடிக்கோடு. 4;3 என்றால் அடிக்கோடும் சாய்வெழுத்தும். முதலில் அரைப்புள்ளியில் பிரி, ஒவ்வொரு துண்டுக்குள்ளும் முக்காற்புள்ளியில் பிரி, காலியைக் காலியாகவே கீழே அனுப்பு.

எழுத்துக்கும் பின்னணிக்கும் நேரடியாக நிறம் தரும் 30 முதல் 37, 40 முதல் 47, 90 முதல் 97, 100 முதல் 107 ஆகிய நான்கு வரிசைகளையும் வகுத்தல், மீதி என்று ஒரே சூத்திரத்தில் அடைத்திருக்கிறாய். புத்திசாலித்தனம்தான், எனக்கு வேண்டாம். நான்கு வரிகளாக எழுது, கண்ணை ஓட்டினாலே புரியும். கணக்கு காட்ட ஆசையென்றால் காட்ட வேண்டிய இடம் வேறு இருக்கிறது. முதல் எட்டு நிறங்களின் கடைசி இலக்கம் மூன்று பிட். சிவப்பு 1, பச்சை 2, நீலம் 4. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் 3, அதனால்தான் 33 மஞ்சள். சிவப்பும் நீலமும் 5, அதனால் 35 மெஜந்தா. பச்சை மட்டும் மின்னும் திரையில் தொழில் கற்ற எனக்கு இது ரொம்பத் தாமதமாகத்தான் தெரிய வந்தது, தெரிந்த அன்று யாரிடம் சொல்வது என்று புரியவில்லை. ஒரு வரி கமெண்ட்டாகப் போட்டு வை.

256 நிறத்திலும் அப்படியே. முதல் 16 பழையவை, அப்புறம் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஆறாறு படிகள், 6-க்கு 6-க்கு 6 என்று 216, கடைசியில் 24 சாம்பல். 208 ஏன் ஆரஞ்சு? 16-ஐக் கழித்தால் 192. அது 36-இன் ஐந்து மடங்கும், 6-இன் இரண்டு மடங்கும். சிவப்பு 5, பச்சை 2, நீலம் 0. படிகள் 0, 95, 135, 175, 215, 255 என்று போவதால் 255, 135, 0. முதல் படி மட்டும் 95-க்குத் தாவுகிறது, கவனி. 40-ஆல் பெருக்கிக் கூட்டும் உன் வரியில் 0-க்குத் தனி விலக்கு இருக்கிறது. ஆறு எண்களையும் நேராகப் பட்டியலாகவே எழுதிவிடு.

நிறத்தை எழுதும் இரண்டு முறைகளான #888-ஐயும் ஆர்ஜிபி:8/8/8-ஐயும் ஒரே ஃபங்ஷனில் போட்டது எனக்குச் சம்மதமில்லை. பார்க்கத்தான் ஒன்று போல இருக்கின்றன. எக்ஸ்11 (யூனிக்ஸ் சாளர அமைப்பு) விதிப்படி முதலாவதில் 8 மேல் பிட்டுகளில் உட்காரும், பதினாறடிமானத்தில் 8000 ஆகும். இரண்டாவதில் முழு அளவுக்கும் நீட்டப்படும், 8888 ஆகும். இணையப் பக்கத்தில் எழுதும் #888 இன்னொரு கதை. தனித்தனி ஃபங்ஷன், தனித்தனிப் பெயர்.

இன்னொன்று, எண்களைப் படிக்கும் பார்சரிலேயே 31-ஐ ஆர்ஜிபி (சிவப்பு-பச்சை-நீல அளவு) ஆக்காதே. பயனர் நிறத் தொகுப்பை (தீம்) மாற்றினால் ஏற்கெனவே திரையில் இருக்கும் சிவப்பும் மாற வேண்டும். எண்ணாகவே வைத்திரு, வரையும்போது மாற்றிக்கொள்ளலாம். எழுத்துக்கான 39-உம் பின்னணிக்கான 49-உம் கறுப்போ வெள்ளையோ அல்ல, "இயல்பு" என்ற தனி வகை.

கமிட்டுகளை, அதாவது பதிவு செய்யும் மாற்றங்களை, பிரித்து அனுப்பு. முதலில் பழைய கோடு இன்று என்ன செய்கிறதோ அதைப் பிடித்து வைக்கும் டெஸ்டுகள் மட்டும், பிறகு இடமாற்றம் மட்டும், நடத்தை மாறுவது கடைசியில். 21-ஐப் பற்றி நீயே முடிவெடு. தரநிலை அதை இரட்டை அடிக்கோடு என்கிறது, லினக்ஸ் கன்சோலோ 4.17 பதிப்புக்கு முன்பு வரை தடித்த எழுத்தை நிறுத்துவதற்கு வைத்திருந்தது. எதைத் தேர்ந்தாலும் அதைத் தனிக் கமிட்டாகப் போடு, ரிவியூ செய்பவர் சண்டை போட வசதியாக இருக்கும்.

டிசம்பரில் வருவதற்கு டிக்கெட் போட்டாயா என்று அம்மா கேட்கிறாள். தேதியைச் சீக்கிரம் சொல். சித்தப்பா வீட்டிலும் கேட்டார்கள்.

அன்புடன்,
அப்பா