அடை வைத்த ஞாயிறு

விசுவமடு

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் சுகம். நீயும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மாளை வேண்டுகிறேன். பக்கத்து வளவு மாமியின் மகன் லீவு முடிந்து திரும்பக் கட்டார் வருகிறான். அவனிடம் மிளகாய்த்தூளும் ஒடியலும் கொடுத்துவிடுகிறேன். போனில் அனுப்புவதை நீ பார்க்கிறாய், பதில் போடுகிறாயில்லை. அதுதான் கடிதம்.

நீ கடைசியாகக் கதைத்த ஞாயிறு பின்னேரம்தான் சிவப்புப் பேட்டுக்கோழியை அடை வைத்தேன். 21 நாளில் பொரித்தது. இன்றைக்குக் குஞ்சுகளுக்கு ஒன்பது நாள். கோழிக்காகத்தான் எண்ணினேன், வேறொன்றுமில்லை.

வைத்தது 13 முட்டை. ஏழாம் நாள் இரவு தங்கச்சி ரோச் அடித்துப் பார்த்தாள். இரண்டில் ஒன்றுமில்லை, மற்றவற்றில் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது. கடைசியில் ஒன்று கூழாய்ப் போனது. இன்னொன்று ஓட்டில் துளை போட்டு மூக்கை நீட்டியபடி நின்றுவிட்டது. தங்கச்சி உரிக்கப் போனாள், நான் விடவில்லை. அவசரப்பட்டு உரித்தால் இரத்தம் வரும். விடிய அது செத்திருந்தது. அன்று முழுக்க அவள் என்னோடு கதைக்கவில்லை. அவளும் உன்னைப் போலத்தான்.

மிச்சம் ஒன்பதும் நல்ல சுறுசுறுப்பு. குறுணல் போடுகிறோம், கறையான் புற்று வெட்டிக் கொண்டுவந்து கொத்த விடுகிறோம். கண்ணில் ஒவ்வொரு துளி தடுப்பு மருந்தும் விட்டாயிற்று. ராணிக்கெட் நோய் வந்தால் ஒரு கிழமையில் கூடு காலி, உனக்குத் தெரியும்தானே.

நீ காசு அனுப்பி வாங்கின முட்டை பொரிக்கிற மெசினை ஊரே வந்து பார்த்தது. ஆனால் கார்த்திகை மழையில் ஓர் இரவு முழுக்கக் கறண்ட் இல்லை. 37.5 பாகையில் நிற்க வேண்டியது குளிர்ந்துபோய் 48 முட்டையும் பழுதானது. நீ கேட்டபோதெல்லாம் நல்லாய் வேலை செய்கிறது என்றேன். இப்போது அது சீலை போட்டு மூடிக் கிடக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு. வெயிலில் நின்றால் தண்ணீர் குடி.

நீ கம்பனியை விட்டுவிட்டாய் என்று மாமியின் மகன் ஏதோ சொல்ல வந்தான். நான் மேலே கேட்கவில்லை. போன மாதக் காசு பிந்தினாலும் வந்ததுதானே. யாரிடம் கடன் மாறி அனுப்பினாய் என்றும் கேட்க மாட்டேன். தகப்பன் இல்லாமல் வளர்ந்து, தகரம் கழற்றி ஓடு போட்ட பிள்ளை என்று நேற்றும் கடையில் உன்னைப் பற்றிச் சொன்னார்கள். அந்தப் பிள்ளைக்குத் தாயோடு கதைக்க ஐந்து நிமிடம் இல்லை. சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

குஞ்சுகளில் ஒன்று முழு வெள்ளை. அது வந்த நாளிலிருந்து எனக்கு நித்திரை இல்லை.

2009 சண்டையில் ஓடினபோது உன் கோழி வெள்ளைச்சியைக் கடகத்தில் வைத்து, மேலே சீலை கட்டி, நீதான் சுமந்து வந்தாய். எட்டு வயது. பங்கருக்குள்ளும் மடியில் வைத்திருந்தாய். இரணைப்பாலையில் ஒரு நாள் விடிய, அவள் ஓடிவிட்டாள் என்று சொன்னேன். செல் விழுகிற சத்தத்துக்குள்ளே நீ தேடிப் போனாய். அப்பா அடித்து இழுத்து வந்தார். அன்று மத்தியானக் கஞ்சியில் இறைச்சி இருந்தது. எங்கிருந்து என்று நீ கேட்கவில்லை. உன் பங்கைத் தங்கச்சியின் கோப்பையில் ஊற்றினாய்.

அவள் ஓடவில்லை, ராசா. நான்தான் பிடித்தேன். தங்கச்சிக்கு இரண்டு நாளாய் ஒன்றுமில்லை, எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி, அந்தச் சத்தத்துக்குள் தேட விட்டேனே. அப்பா கடைசி மட்டும் உன்னை அடித்ததை நினைத்துக் கவலைப்பட்டார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை. மெனிக்பாம் முகாமிலும் நீ ஒருநாளும் கோழி என்று கதைத்ததில்லை.

வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடு. இரவு எந்த நேரமானாலும் பரவாயில்லை, போன் தலைமாட்டில்தான் கிடக்கிறது. பிராந்து சுற்றுகிறது, குஞ்சுகளைக் கரப்பால் மூடப் போகிறேன்.

அம்மா

ஒடியலை ஒருக்கால் வெயிலில் காயப் போடு. மாமியின் மகனிடம் ஒன்றும் கேட்டுச் சண்டை பிடிக்காதே.