பறக்கும் ஜீப் கோமாளித்தனம் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர்க்கால ஆயுதங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவரும் தொடரில், பிரிட்டனின் ‘ரோட்டாபக்கி’ என்னும் பறக்கும் ஜீப்பைக் கோமாளித்தனங்களின் பட்டியலில் சேர்த்திருப்பதையும், அதை ஹெலிகாப்டர் என்று குறிப்பிட்டிருப்பதையும் என்னால் ஏற்க இயலவில்லை.

ஹெலிகாப்டரின் விசிறியை எஞ்சின் சுழற்றும். ரோட்டாபக்கியின் மேலே பொருத்தப்பட்ட விசிறிக்கு எஞ்சினோடு தொடர்பே கிடையாது; முன்னே செல்லும் வண்டியோ விமானமோ வடம் கட்டி இழுக்க, எதிர்க்காற்றில் ஓலைக் காற்றாடி சுற்றுவதைப் போல அது தானே சுழன்று ஜீப்பைத் தூக்கியது. இதை வடிவமைத்த ரவுல் ஹாஃப்னர் ஆஸ்திரியாவில் பிறந்தவர். 1940இல் எதிரி நாட்டவர் என்று அவரைக் காவலில் வைத்த பிரிட்டனே பிறகு குடியுரிமை தந்து, படைவீரரைப் பாராசூட்டுக்குப் பதிலாகத் தரையிறக்கும் ‘ரோட்டாசூட்’ என்ற ஓராள் கருவியை அவரிடம் செய்து வாங்கிக்கொண்டது. வீரன் இறங்கலாம் என்றால் அவனுக்கு வேண்டிய வாகனமும் ஏன் இறங்கக் கூடாது என்ற கேள்வியில் பிறந்ததே ரோட்டாபக்கி.

சோதனைகளும் விளையாட்டாக நடக்கவில்லை. முதலில் ஒரு ஜீப்பில் கான்கிரீட்டை ஏற்றி, 2.35 மீட்டர் உயரம் வரையிலிருந்து கீழே போட்டு, அடிச்சட்டம் தாங்குகிறதா என்று பார்த்தனர், தாங்கியது. 1943 நவம்பரில் லாரி கட்டி இழுத்தபோது வேகம் போதாமல், பென்ட்லி கார் ஒன்றைக் கொண்டுவந்தனர். அதன் பிறகு விட்லி குண்டுவீச்சு விமானம் இழுத்தது. ஜீப்பில் ஓட்டுநர் ஒருவரும் விமானி ஒருவருமாக இருவர் அமர்ந்திருந்தனர். மேலிருந்து தொங்கிய கட்டுப்பாட்டுத் தண்டு ஒரு பறப்பின்போது ஓயாமல் உதறிச் சுழல, அதைப் பிடித்தே களைத்துப்போன விமானி, இறங்கியதும் ஓடுபாதையோரம் படுத்துவிட்டாராம். குறை என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். அதையும் பின்னர் பெருமளவு சரிசெய்தனர். 1944 செப்டம்பரில் அந்த ஜீப் சுமார் 120 மீட்டர் உயரத்தில் பத்து நிமிடம் பறந்தது.

பிறகு ஏன் கைவிட்டார்கள்? ஹோர்சா போன்ற பெரிய கிளைடர்கள் (எஞ்சின் இல்லாத விமானங்கள்) ஜீப்பை அப்படியே வயிற்றுக்குள் வைத்துக் கொண்டுசேர்த்துவிட்டதால், ஜீப்புக்கே விசிறி மாட்டும் தேவை அற்றுப்போனது. வேலன்டைன் டாங்கிக்கு விசிறி மாட்டும் திட்டம் காகிதத்தோடு நின்றது. அதை வேண்டுமானால் தங்கள் கட்டுரையாளர் கேலி செய்துகொள்ளட்டும், மறுக்க மாட்டேன்.

ஹாஃப்னர் போர் முடியுமுன்பே, 1944இல், பிரிஸ்டல் விமான நிறுவனத்தில் சேர்ந்து உருவாக்கிய சிக்கமோர் ஹெலிகாப்டர் 1947இல் பறந்தது. அமெரிக்காவுக்குச் சென்ற ரோட்டாசூட்டைக் கண்டுதான் இகோர் பென்சன் காற்றில் தானே சுழலும் விசிறி கொண்ட தம் சிறு ஜைரோகாப்டர்களை வடிவமைக்கத் தொடங்கினார். தொடர் நூலாக வெளிவரும்போது, இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்து, ‘ஹெலிகாப்டர்’ என்ற பிழையையும் நீக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்